வாவியில் மாலைப் படகு

இலங்கையின் கீழ்க்கரையில் நெடுக நடந்து செல்பவர்க்கு ஓர் உண்மை விரைவில் புலனாகும். இக்கரையில் ஊர்கள் பெரும்பாலும் இரண்டு நீர்ப்பரப்புகளுக்கு இடையே அமைந்துள்ளன. ஒருபுறம் ஓயாது அலையெறியும் வங்கக்கடல். மறுபுறம் அலையடங்கிக் கிடக்கும் களப்பு. ஆலையடிவேம்பு மக்களுக்குத் தில்லையாறும் அதனை அடுத்த நீர்நிலைகளும் எவ்வாறு அன்றாட வாழ்வோடு பிணைந்தனவோ, அவ்வாறே வடக்கே மட்டக்களப்பு மக்களுக்கு அவர்களது வாவி. கல்முனைக்கு மேற்கே கிட்டங்கியில் நாவிதன்வெளிக்குச் செல்லும் வழியை மாரிகாலத்தில் மூழ்கடிக்கும் நீரும் அவ்வாவியின் தென்கோடியைச் சேர்ந்ததே. ஆகவே, மட்டக்களப்பு வாவி மட்டக்களப்பு நகரத்தாருக்கு மட்டும் உரியதன்று. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்திற்கு நீண்டு கிடக்கும் அந்நீர்ப்பரப்பின் இருகரையிலும் தமிழரும் முஸ்லிம்களும் தலைமுறை தலைமுறையாக வலைவீசியும் தோணியோட்டியும் வாழ்ந்து வருகின்றனர்.

இந்த வாவியிலே பொழுதுபட்ட பின்னர் சிறு படகில் ஏறிச் சென்று வருவது அண்மைக் காலத்தில் பலர் விரும்பும் ஒரு பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. வெளிநாட்டவரும் கொழும்பிலிருந்து வருவோரும் வழிகாட்டி ஒருவரின் துணையோடு தோணியிலோ, கயாக் எனப்படும் சிறு படகிலோ சென்று, கோட்டையையும் பாலத்தையும் கண்டு, நிலவெழும் நேரத்தில் துடுப்பை நிறுத்திவிட்டு நீருக்குச் செவிகொடுக்கின்றனர். எதற்காக அவர்கள் செவிகொடுக்கின்றனர் என்பதை மட்டக்களப்பார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. மட்டக்களப்பை ‘மீன்பாடும் தேனாடு’ என்று அழைப்பது நெடுங்கால வழக்கு. எனினும், அவ்வாறு அழைப்போரில் எத்துணைப் பேர் அந்தப் பாட்டைத் தம் காதாற் கேட்டுள்ளனர் என்று வினவினால், விடை அவ்வளவு மகிழ்ச்சி தருவதாக இராது. பாடும் மீன் என்பது யாது, அதனைக் கேட்பதற்குப் படகும் துடுப்பும் ஏன் வேண்டும், அந்த ஒலி இனியும் நிலைத்திருக்க யாது செய்யவேண்டும் என்பவற்றை ஒழுங்காக ஆராய்வது பயனுடையது.

முதலிற் படகைப்பற்றிச் சில சொல்ல வேண்டும். கயாக் என்னும் சொல் வடதுருவத்தை அடுத்த கிறீன்லாந்து, அலாஸ்கா முதலிய நிலங்களில் வாழும் இனுயிட் மக்களின் மொழியிலிருந்து வந்தது. மரங்கள் அரிதாய அந்நிலத்தில் கரையொதுங்கிய மரத்துண்டுகளாலும் திமிங்கில எலும்புகளாலும் சட்டம் அமைத்து, அதன்மேற் கடல்நாயின் தோலைப் போர்த்தி, ஒருவர் மட்டும் இடுப்பளவு புதைந்து இருக்கத்தக்கதாய் அவர்கள் படகு செய்தனர். வேட்டைப் பிராணி அறியாவண்ணம் ஓசையின்றி அணுகுவதே அதன் நோக்கம். இன்று வாவியில் ஓடும் கயாக் பிளாஸ்திக்கினால் ஆனது. எனினும், அதன் வடிவமும் ஓசையின்மையும் பழையனவே. இருமுனையிலும் அலகுடைய ஒரே துடுப்பினால் வலமும் இடமுமாக மாறிமாறி வலிக்க, படகு முன்னோக்கிச் செல்லும். ஓட்டுபவர் நீர்மட்டத்தை ஒட்டியே அமர்வதால் படகின் பாரம் தாழ்ந்து நிற்கும்; எழுந்து நிற்க முயன்றாலன்றி அது எளிதிற் கவிழ்வதில்லை.

நம் நாட்டுத் தோணியும் இவ்வகையில் அதற்குக் குறைந்ததன்று. ஆழமற்ற களப்பு நீரில் நீண்ட கம்பினால் ஊன்றியும், ஆழமுள்ள இடத்தில் மரத்துடுப்பினால் வலித்தும், இறால் பிடிக்கச் செல்லும் மீனவர் இருளிலும் ஓசையின்றிச் செல்ல வல்லவர். வந்தவர்க்குக் கயாக் புதுமை. வாவியின் மக்களுக்குத் தோணி பழமை. ஒலி கேட்பதற்கு மட்டும் மரத்தோணிக்கும் மரத்துடுப்புக்கும் ஒரு தனிச்சிறப்பு உண்டு. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

இப்பயணத்திற்கு மாலைப்பொழுதைத் தேர்வதற்கும் தக்க காரணம் உண்டு. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின்மேலுள்ள காற்று வெப்பமுற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வீசுகிறது. இதுவே கடற்காற்று. பிற்பகலில் வாவியிற் சிற்றலைகளை எழுப்புவதும் இதுவே. கதிரவன் சாய்ந்தபின் நிலம் குளிர, கடற்காற்று மெல்லத் தளர்கிறது. நள்ளிரவை நோக்கி நிலத்திலிருந்து கடலுக்கு வீசும் காற்று தொடங்குமுன் ஓர் இடைவேளை கிடைக்கிறது. அவ்விடைவேளையில் வாவி கண்ணாடிபோற் கிடக்கும்.

பௌர்ணமியன்று இதற்கு மற்றுமொரு சிறப்புச் சேர்கிறது. அன்று பூமிக்கு ஒருபுறம் ஞாயிறும் எதிர்ப்புறம் திங்களும் நிற்பதால், ஒன்று மறையும் வேளையில் மற்றொன்று எழுகிறது. மட்டக்களப்பு நகரின் உள்ளமாய புளியந்தீவை விட்டுப் படகு புறப்பட்டால், மேற்கே வவுணதீவுப் பக்கம் செவ்வானம் மங்கிக்கொண்டிருக்க, கிழக்கே கல்லடியின் தென்னைகளுக்குமேல் நிலா எழுவதை ஒரே இடத்திலிருந்து காணலாம். போர்த்துக்கீசர் 1628ஆம் ஆண்டு எழுப்பி, 1638ஆம் ஆண்டு ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டையின் மதில் நீரில் நிழலாகும். நீர்க்காகங்களும் கொக்குகளும் கண்டல் மரங்களில் அடையும். வலை கட்டச் செல்லும் தோணிகள் ஒவ்வொன்றாகக் கரைவிட்டு நீங்கும்.

இவ்வழகைக் கண்டு மயங்கிப் படகேறுபவர் மறந்துவிடக் கூடாத ஒருவர் வழிகாட்டி. நீரை அறியாதவன் கண்ணுக்கு வாவி முழுவதும் ஒன்றுபோலவே தோன்றும். அறிந்தவன் கண்ணுக்கோ அது ஒரு நகரத்தைப்போலத் தெருக்களும் சந்திகளும் உடையது. எங்கே வலை கட்டப்பட்டிருக்கிறது, எங்கே சேற்றுத்திடல் மறைந்துள்ளது, எந்தக் கண்டல் ஓரத்தில் முதலை கிடக்கும், எந்தத் திசையில் மின்னினால் உடனே திரும்ப வேண்டும் என்பவற்றை அவனே அறிவான். சிறப்பாக, இருபருவக் காற்றுகளுக்கும் இடைப்பட்ட மார்ச்சு, ஏப்பிரல் மாதங்களிலும், ஒற்றோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலிலும் மாலையிலும் இடிமுழக்கத்தோடு மழை பெய்வது இந்நாட்டின் இயல்பு. திறந்த நீர்ப்பரப்பில் எல்லாவற்றிலும் உயர்ந்து நிற்பது படகிலுள்ள மனிதனின் தலையே. ஆதலின், கருமேகம் கண்டால் கரைசேர்வது கோழைத்தனம் ஆகாது, அறிவுடைமையாகும்.

நல்ல வழிகாட்டி பயணம் தொடங்குமுன் நான்கு காரியங்களைச் செய்வான். ஆட்களை எண்ணிக் கொள்வான். நீந்தத் தெரிந்தவர், தெரியாதவர் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கியை அணிவித்து, அதன் வார் இறுகியுள்ளதா என்று தன் கையால் இழுத்துப் பார்ப்பான். படகு கவிழ்ந்தால் அதனை விட்டு நீந்திப்போகாமல் அதனையே பற்றியிருக்க வேண்டும் என்று சொல்லுவான். கடைசியாக விளக்கைச் சரிபார்ப்பான். துடுப்பினால் ஓடும் சிறு கலமும், எதிரே வரும் கலம் மோதாதபடி உரிய நேரத்திற் காட்டுவதற்கு வெள்ளொளி தரும் கைவிளக்கு ஒன்றை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது கடலில் மோதல் தடுப்பதற்கென 1972ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட அனைத்துலக விதிகளில் ஒன்று. விளக்கை எப்போதும் எரிய விடவேண்டும் என்பதில்லை; நிலவில் அது அணைந்தே இருக்கலாம். ஆனால், வேண்டியபோது கைக்கெட்டாத விளக்கு விளக்காகாது.

இவ்வாறு ஆயத்தமாகிப் படகு கல்லடிப் பாலத்தை அணுகுகிறது. ஆங்கிலேயத் தேசாதிபதி மானிங்கின் மனைவியாருடைய பெயரால் 1924ஆம் ஆண்டு அமைந்த பழைய இரும்புப் பாலமும், அதன் அருகே 2013ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புதிய பாலமும் இங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. பாலத்தை அண்டிய இப்பகுதியே பாட்டுக் கேட்பதற்கு உகந்ததென்று முதியோர் சொல்லி வந்துள்ளனர். வழிகாட்டி துடுப்பை உயர்த்துகிறான். எல்லோரும் பேச்சை நிறுத்துகின்றனர். மரத்துடுப்பின் அலகை நீருள் இறக்கி, பிடியின் நுனியைச் செவியோடு பொருத்திக் கேட்கும்படி சைகை காட்டுகிறான்.

இப்படிக் கேட்டவர்களிற் பெயர் தெரிந்த மூவரை இங்கே நினைத்தல் தகும். முதல்வர், இலங்கையிற் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனென்ற். அவர் 1848ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்தபோது, வாவியின் அடியிலிருந்து இசையொலி எழுவதாகக் கேள்வியுற்று, இரவிற் படகேறிச் சென்று கேட்டார். பின்னர் இலங்கையைப்பற்றி எழுதிய நூலில் அதனை விரிவாக வருணித்தார். அவ்வொலி நீண்ட ஒரு சுரமாக இல்லாமல், தனித்தனியே தெளிவாய்க் கேட்கும் பல நுண்ணொலிகளின் தொகுதியாக இருந்தது என்பது அவர் கருத்து. நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் ஒலியை அவர் அதற்கு ஒப்பிட்டார். படகின் மரத்திற் காதை வைத்தபோது ஒலி பெருகியதையும், படகு சிறிது விலகியதும் ஒலி நின்று, பழைய இடத்திற்கு மீண்டதும் மறுபடி கேட்டதையும் அவர் குறித்தார். கேள்விப்பட்டதை அப்படியே எழுதாமல் இடம்மாறிச் சோதித்துப் பார்த்த அந்த முறை பாராட்டற்குரியது.

இரண்டாமவர் இந்த மண்ணின் மைந்தர். 1892ஆம் ஆண்டு காரைதீவிற் பிறந்து, கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கல்வி பயின்று, விஞ்ஞான ஆசிரியராகத் தொடங்கித் தமிழ்ப் பேராசிரியராக உயர்ந்த சுவாமி விபுலாநந்தர், வாவியின் நிலவிரவு ஒலியை நீரில் வாழும் தெய்வ மகளிரின் பாடலாகக் கற்பித்து ‘நீரரமகளிர் இன்னிசைப் பாடல்’ இயற்றினார். பழந்தமிழரின் இசைக்கருவியாகிய யாழின் இலக்கணத்தைக் கணித முறையால் மீட்டெடுக்க முயன்ற அவரது ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டு அரங்கேறியது. கல்லடி உப்போடையில் அவர் நிறுவிய சிவானந்த வித்தியாலயம் இப்பாலத்திலிருந்து தொலைவில் இல்லை. இசையை அளந்து பார்த்தவரும் இசையில் ஈடுபட்டவரும் ஒருவராகவே இருந்தமை இவ்வாவிக்குக் கிடைத்த பேறு.

மூன்றாமவர் அமெரிக்க நாட்டு இயேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளார். மட்டக்களப்பிற் பணிபுரிந்த அவர் 1950களில் அவ்வொலியைக் கருவியிற் பதிவு செய்தார். பின்னர் இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பியது. கடல் காணாத மலைநாட்டாரும் அன்று தம் வீட்டிலிருந்தே வாவியின் ஒலியைக் கேட்க இயன்றது.

இனி, துடுப்பு எதற்கு என்னும் வினாவுக்கு வரலாம். காற்றில் ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். நீரில் ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். நீர் ஒலிக்கு இத்துணை நல்ல வழியாயிருந்தும், நீருக்குள் எழும் ஒலி கரையிலிருப்பவர்க்குக் கேட்பதில்லை. காரணம் நீரின் மேற்பரப்பு. காற்று மிக மெல்லியது. நீர் அதனைவிட ஏறத்தாழ எண்ணூறு மடங்கு செறிந்தது. இத்துணை வேறுபட்ட இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில், கீழிருந்து வரும் ஒலியின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்களவே மேலே வரும். எஞ்சியது திருப்பப்பட்டு நீருக்குள்ளேயே அடங்கும். சாத்திய கதவுக்குப் பின்னால் நடக்கும் கச்சேரிபோல, அங்கே பாட்டு நடக்கிறது. இங்கே கேட்பவர் இல்லை.

மரமோ ஒலியைப் பொறுத்தவரை நீருக்கு நெருங்கிய உறவு. நீரிலிருந்து மரத்திற்குச் செல்லும்போது ஒலி பெரிதும் தடைப்படுவதில்லை. மரத்தின் நார் வழியே அது விரைந்து ஏறி, பிடியை அடைந்து, அங்கே பொருத்தப்பட்ட செவியின் எலும்பை அதிரச் செய்கிறது. காற்று என்னும் இடையூறு முழுவதும் விலக்கப்பட்டு விடுகிறது. உள்ளே குழலாக அமைந்த அலுமினியத் துடுப்பைவிட முழுமரத்துடுப்பு இதற்கு ஏற்றது. எழுத்தறியாத மீனவன் இந்நுட்பத்தைப் பௌதிக நூலிற் படித்து அறியவில்லை. நீரோடு பழகிய பழக்கமே அவனுக்கு ஆசிரியராயிற்று.

வேறு நாட்டாரும் இவ்வழியை வெவ்வேறு வகையிற் கண்டனர். இத்தாலிய ஓவியர் லியனாடோ டா வின்சி, நீண்ட குழாயின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையிற் காதை வைத்தால் தொலைவிற் செல்லும் கப்பல்களின் ஒலி கேட்கும் என்று பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் எழுதி வைத்தார். 1826ஆம் ஆண்டு சுவிற்சலாந்து நாட்டுக் கொலதோன் என்பவர் ஜெனீவா ஏரியில் இரவில் இரண்டு படகுகளை ஏறத்தாழ 13 கிலோமீற்றர் இடைவெளியில் நிறுத்தினார். ஒரு படகிலிருந்து நீருக்கடியில் மணி அடிக்கப்பட்டது. அதே கணத்தில் வெடிமருந்து கொளுத்தி ஒளி காட்டப்பட்டது. மறுபடகிலிருந்தவர் நீரில் அமிழ்த்திய ஊதுகுழல் வழியாக மணியோசையைக் கேட்டு, ஒளிக்கும் ஒலிக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தார். குளிர்ந்த அந்நீரில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 1,435 மீற்றர் எனக் கண்டனர். அக்கணக்கு இன்றைய கணக்குக்கு மிக அண்மையது. மலாயாவின் கிழக்குக் கரையிலோ, மீனவர் கூட்டத்தில் அனுபவமிக்க ஒருவர் நீருக்குள் இறங்கிச் செவிமடுத்து, எந்தத் திசையில் எந்த மீன்கூட்டம் வருகிறது என்று சொல்லும் வழக்கம் இருந்தது. ஆகவே, துடுப்பைக் காதோடு வைத்திருக்கும் மட்டக்களப்பு மீனவன் உலகில் தனித்து நிற்பவன் அல்லன்.

அடுத்து, பாடுவது யார்? தெனென்ற் வினவியபோது மீனவர் காட்டியது ஒரு மீனையன்று. கண்டற் சேற்றில் ஊரும் ஒருவகை ஊரியையே. ‘ஊரி’ என்பது மட்டக்களப்பு வழக்கிற் சிறு சங்கினத்தைக் குறிக்கும். அந்த ஊரி குளறுகிறது, அஃதாவது அழுகிறது, என்பது அவர்களது நம்பிக்கை. ஆயினும், ஊரிக்குக் குரலெழுப்பும் உறுப்பு இல்லை. பாறையிலே ஓடு உராயும் ஒலியை அது தரலாம். சுரம்போல ஒலிக்கும் ஓசையைத் தருவது அரிது. இதனாலேயே ஆராய்வோர் கவனம் மீன்பாற் சென்றது.

மீன் ஊமை என்பது பொதுநம்பிக்கை. விஞ்ஞானம் அதனை ஏற்பதில்லை. பல மீன்களின் வயிற்றினுள் காற்று நிறைந்த பை ஒன்று உண்டு. நீரில் மிதப்பதற்கும் ஆழ்வதற்கும் உதவும் அப்பையைச் சுற்றிச் சில இனங்களில் விசேடத் தசைகள் அமைந்துள்ளன. அத்தசைகள் ஒரு செக்கனில் நூறு, இருநூறு தடவை சுருங்கி விரிய, பை மத்தளத்தின் தோல்போல் அதிர்ந்து ஒலிக்கிறது. பெரும்பாலும் ஆண்மீன்களே பெண்மீனை அழைப்பதற்கு இவ்வாறு ஒலிக்கின்றன, அதுவும் இரவிலே.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திற் சோசலிட்டோ என்னும் ஊரில் நடந்த நிகழ்ச்சி இதற்கு நல்ல சான்று. அங்கே நீர்மேல் மிதக்கும் படகு வீடுகளில் வாழ்வோர் 1980களிற் கோடைகால இரவுகளில் இடைவிடாத முரலொலி கேட்டு உறக்கமிழந்தனர். கழிவுநீர் இறைக்கும் இயந்திரம் என்றனர் சிலர். இராணுவத்தின் இரகசியச் சோதனை என்றனர் வேறு சிலர். ஆராய்ந்தபோது, கற்களின் அடியிற் கூடமைத்துத் துணையை அழைக்கும் ஒருவகைத் தேரைமீனின் குரலே அது எனத் தெரியவந்தது. ஒரு மீன் ஒரு மணி நேரத்திற்கு மேலும் நிறுத்தாமல் முரலவல்லது. வீடுகளின் அடித்தளமே அங்கே துடுப்பின் வேலையைச் செய்து, நீரொலியை மனிதர் காதுக்குக் கொண்டுவந்தது.

மட்டக்களப்பு வாவியின் ஒலியும் இத்தகைய மீன்களின் கூட்டிசையாக இருத்தல் கூடும். ஒலி சில இடங்களில் மிக்கும் சில இடங்களில் அற்றும் இருப்பதாகத் தெனென்ற் கண்டது, கற்களிடையே இடம்பிடித்துத் தங்கும் மீனின் இயல்போடு பொருந்துகிறது. பாலத்தை அண்டிய பகுதியை முதியோர் சுட்டுவதும் அதற்கு இயைந்ததே. எனினும், இன்ன மீனே பாடுகிறது என்று அறிஞர் உலகம் ஏற்கும்படி இதுவரை நிறுவப்படவில்லை. நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட வினா இன்னும் விடைக்காகக் காத்திருக்கிறது.

நிலவுக்கும் இவ்வொலிக்கும் தொடர்பு உண்டா என்பதும் ஆராயத்தக்கது. பௌர்ணமியை அண்டிய இரவுகளிற் பாட்டு மிகும் என்பது தொன்றுதொட்டு வரும் கூற்று. நிலவின் கதியை ஒட்டி இனம்பெருக்கும் மீன்கள் பல உள்ளமையால் இஃது உண்மையாகவும் இருக்கலாம். கடற்பெருக்கு அன்று மிகுவதைச் சிலர் காரணமாகக் கூறுவர். ஆனால், இலங்கைக் கரையில் நீர்மட்டம் ஏறி இறங்குவது ஒரு மீற்றருக்கும் குறைவு. மேலும், கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் அதுவும் வாவிக்குள் எட்டுவதில்லை. மற்றுமொரு விளக்கமும் உண்டு. இருட்டில் வாவிக்குச் செல்வதற்கு மக்கள் அஞ்சினர், நிலவிலேயே சென்றனர், ஆகவே நிலவிலேயே கேட்டனர். அமாவாசை இரவிலும் அதே இடத்தில், அதே துடுப்போடு கேட்டு எழுதிவைத்தாலன்றி இவ்வையம் தீராது. மாணவர் கற்க வேண்டிய விஞ்ஞான முறையின் சாரம் இதுவே: ஒன்று நிகழும் இடத்தில் மட்டும் நோக்காது, நிகழாதென்று கருதும் இடத்திலும் நோக்குதல்.

இத்தகைய நோக்கலுக்கு இடையூறுகள் பல வந்தன. உள்நாட்டுப் போர் நிகழ்ந்த நீண்ட ஆண்டுகளில் இருட்டியபின் வாவியில் இறங்குவது உயிருக்கு ஆபத்தான செயலாயிற்று. இரவில் நீர் கேட்டு வளர வேண்டிய ஒரு தலைமுறை கதவடைத்து வளர்ந்தது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி கடல் பொங்கிக் கல்லடி, நாவலடி முதலிய ஊர்களை அழித்தது. அம்பாறை மாவட்டக் கரையோரமோ இலங்கையிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது. நீரைக் கண்டாலே நெஞ்சு நடுங்கிய மக்கள் பாட்டுக் கேட்கச் செல்லாமையில் வியப்பில்லை. 2009ஆம் ஆண்டு போர் முடிந்தபின் வாவி மீண்டும் திறந்தது. ஆனால், அதற்குள் கேட்டறிந்த முதியோர் பலர் மறைந்துவிட்டனர். எந்த இடத்தில், எந்த மாதத்தில், எந்த நாழிகையில் கேட்க வேண்டும் என்னும் அறிவும் அவர்களோடு பெரும்பாலும் மறைந்தது.

எஞ்சியதைக் கெடுப்பவை இப்போது போரும் கடலும் அல்ல. பாலத்தின்மேல் ஓயாது ஓடும் வாகனங்களின் அதிர்ச்சி தூண்கள் வழியே நீருக்குள் இறங்குகிறது. இயந்திரப் படகின் இரைச்சல் மீனின் மெல்லொலியை மூடிவிடுகிறது. துணையை அழைக்கும் குரல் துணைக்குக் கேளாவிடின், அம்மீனின் இனப்பெருக்கமே தளரும். கடையிலும் வீட்டிலும் எறியப்படும் பிளாஸ்திக்கும் கழிவும் கரையோரத்திற் குவிகின்றன. கண்டலை வெட்டிக் கரையை நிரப்பினால், மீன்குஞ்சு ஒளிந்து வளர இடமில்லாது போகிறது. பாட்டு நின்றுவிட்டதா என்று கேட்போருக்கு ஒரு மறுமொழி உண்டு. பாடுபவரின் வீட்டை இடித்துவிட்டு, பாட்டு எங்கே என்று வினவுவது முறையாகாது.

இவ்விடத்திலேதான் மாலைப் படகுப் பயணத்தின் உண்மைப் பயன் தோன்றுகிறது. அதனை வெறும் உல்லாசமாகக் கருதுவது குறையுடைய பார்வை. துடுப்பினால் ஓடும் படகு புகை விடுவதில்லை, இரைவதில்லை. கேட்பதற்காகக் காசு கொடுக்கும் மனிதர் உள்ளவரை, வாவி அமைதியாகவும் தூய்மையாகவும் இருப்பதில் மீனவனுக்கும் நகரத்துக்கும் ஓர் ஆதாயம் பிறக்கிறது. அம்பாறை மாவட்டத்தின் பொத்துவிற் களப்பில் இதற்கு முன்மாதிரி உண்டு. அங்கே மீனவர் தாமே வழிகாட்டிகளாகி, பயணிகளைத் தோணியில் ஏற்றிச் சென்று, கண்டற் காட்டையும் பறவைகளையும் முதலைகளையும் காட்டி வருகின்றனர். வலையால் மட்டும் பிழைத்தவர் தம் அறிவாலும் பிழைக்கலாம் என்பதை அது காட்டுகிறது. கண்டலை வெட்டினால் காட்டுவதற்கு ஒன்றும் இராது என்பதை அவர்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால், இம்முயற்சி நெறியோடு நடைபெற வேண்டும். மீனவன் இரவெல்லாம் காத்துக் கட்டிய வலைமேல் பயணியின் படகு ஏறிச்செல்லலாகாது. பாட்டைக் கேட்கச் சென்றவர் தம் கைத்தொலைபேசியின் பாட்டை உரக்க வைத்தல் நகைப்புக்கிடம். பயணியர் தொகை மிகுந்து, நூறு படகுகள் ஒரே இடத்திற் கூடுமாயின், அந்த இடத்தின் அமைதியே அழியும். எல்லாவற்றிலும் மேலாக, வாவியின் கரையில் வாழும் பிள்ளைகள் அப்படகில் ஏறவேண்டும். வெளிநாட்டவர் வந்து கேட்டுச் செல்ல, உள்ளூர்ப் பிள்ளை பாடும் மீனைப் பாடப்புத்தகத்திலும் நகரச் சின்னத்திலும் மட்டும் அறிந்து வளர்வது பொருந்தாது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு பாடசாலை ஓர் ஆண்டில் சில மாலைகளை இதற்கென ஒதுக்கலாம். பாதுகாப்பு அங்கியும் பொறுப்பான வழிகாட்டியும் உடன்வர, நாள், நேரம், இடம், நிலவின் நிலை, காற்றின் திசை, நீரின் உவர்ப்பு, கேட்ட ஒலியின் தன்மை என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதிவரலாம். ஒலி கேளாத இரவையும் அவ்வாறே எழுத வேண்டும். அதுவும் ஒரு விடையே. நீருக்குள் இறக்கி ஒலியைப் பதிவு செய்யும் சிறு கருவிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. மட்டக்களப்பிலும் காத்தான்குடியிலும், களுவாஞ்சிக்குடியிலும், கல்முனைப் பக்கத்துக் கிட்டங்கி நீர்க்கரையிலும் உள்ள பாடசாலைகள் தமக்குள் பகிர்ந்து பத்தாண்டுக் குறிப்பைத் திரட்டினால், தெனென்ற் விட்டுச்சென்ற வினாவுக்கு விடை இந்த மண்ணின் பிள்ளைகளிடமிருந்தே வரக்கூடும். தமிழ் மாணவனும் முஸ்லிம் மாணவனும் ஒரே தோணியில் அமர்ந்து ஒரே துடுப்பை மாறிமாறிக் காதில் வைத்துக் கேட்பது, அவ்விடையினும் சிறந்த பயனாக அமையலாம்.

பேசுவதற்கு இக்காலம் பல கருவிகளைத் தந்திருக்கிறது. கேட்பதற்கு வேண்டியவை பழையவையே: சிறிது அமைதி, சிறிது பொறுமை, ஒரு மரத்துடுப்பு. நீருக்கு அடியில் எழும் ஒரு மெல்லொலிக்காக மூச்சடக்கி இருக்கப் பழகிய பிள்ளை, நாளை அந்த நீரிற் குப்பையை எறியத் தயங்கும். மட்டக்களப்பு வாவியின் பாட்டைக் காப்பதற்கு அந்தத் தயக்கமே உறுதியான தொடக்கம்.